கேள்வியின் மொழியும் பிள்ளையின் துயரும்

மொழி பற்றிய பொதுப்பொழிவு வரிசையில் பிள்ளைகளின் மனநலம் ஏன் பேசுபொருளாகிறது என்னும் ஐயம் எழக்கூடும். விடை எளியது. நீரிழிவைக் கண்டறியக் குருதியைச் சோதிக்கலாம். எலும்பு முறிவைக் கண்டறிய ஊடுகதிர்ப் படம் எடுக்கலாம். ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையின் மனத்துயரைக் கண்டறிய அத்தகைய கருவி எதுவும் இல்லை. கேட்கப்படும் கேள்வியும் சொல்லப்படும் விடையுமே அங்குக் கருவிகள். கேள்வி பிழைபட்டால் கண்டறிதலும் பிழைபடும். ஆகவே, பிள்ளைகள், இளையோர் மனநலம் பற்றிய ஆய்வில் மருத்துவர்க்கு உள்ள பொறுப்பில் ஒரு பங்கு மொழியறிஞர்க்கும் உண்டு. அப்பங்கு யாது என்பதை, நாம் வாழும் கோலாலம்பூரையும் கிள்ளான் பள்ளத்தாக்கையும் களமாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

1. எண்களும் அவற்றின் பின்னுள்ள கேள்விகளும்

மலேசியச் சுகாதார அமைச்சின் கீழ், கிள்ளானுக்கு அருகே செத்தியா ஆலாமில் இயங்கும் பொதுச் சுகாதாரக் கழகம், தேசியச் சுகாதார, நோயுறுநிலை ஆய்வைக் குறித்த கால இடைவெளிகளில் நடத்தி வருகிறது. 2017ஆம் ஆண்டிலும் 2022ஆம் ஆண்டிலும் நாடு முழுவதும் உள்ள இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் அவ்வாய்வு நடைபெற்றது. தற்கொலை எண்ணம் தமக்கு எழுந்ததாகக் கூறியோர் 2017இல் நூற்றுக்கு 10.0, 2022இல் 13.1. தற்கொலைக்கு முயன்றதாகக் கூறியோர் 6.9இலிருந்து 9.5ஆக உயர்ந்தனர். 5 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுள் மனநலச் சிக்கல் உடையோர் 2019ஆம் ஆண்டு ஆய்வில் நூற்றுக்கு 7.9, 2023ஆம் ஆண்டு ஆய்வில் 16.5. ஆறு பிள்ளைகளுள் ஒருவர் என்பது இதன் பொருள்.

இவ்வெண்களை நாளிதழில் படித்து வருந்துகிறோம். ஆயினும் ஒவ்வோர் எண்ணின் பின்னும் ஒரு வினாப்பட்டியல் நிற்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. சான்றாக, 2017இல் மாணவர்களுள் 18.3 விழுக்காட்டினர்க்கு மனச்சோர்வு இருந்ததாகவும், 2022இல் 26.9 விழுக்காட்டினர்க்கு இருந்ததாகவும் ஆய்வுகள் தெரிவித்தன. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, ஐந்தாண்டில் மனச்சோர்வு ஒன்றரை மடங்கு ஆயிற்று எனச் சொல்லிவிட இயலாது. முதல் ஆய்வில் பயன்பட்டது 'டாஸ் 21' எனப்படும் பட்டியல். அது ஆஸ்திரேலியாவில் 1995இல் வெளிவந்த 42 கேள்விப் பட்டியலின் சுருக்கம். இரண்டாவதில் பயன்பட்டது 'பி.எச்.கியூ. 9' எனப்படும் அமெரிக்கப் பட்டியல். கேள்விகள் வேறு, அவை அமைந்த முறை வேறு. வேறு வேறு கேள்விகள் வேறு வேறு எண்களையே தரும். தற்கொலை எண்ணம் பற்றிய எண்கள் அத்தகையன அல்ல. அவ்வுயர்வை ஐயமின்றிக் கவலையோடு நோக்க வேண்டும்.

இனி, நம் பிள்ளையின் நிலையைக் காண்போம். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை, ஏழாம் ஆண்டில் மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறது. வீட்டில் தமிழ், வகுப்பில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம், நண்பரிடையே மூன்றும் கலந்த பேச்சு. 2017ஆம் ஆண்டு ஆய்வின் வினாத்தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் அமைந்திருந்தது. நாட்டு மாணவர் அனைவரிடமும் ஒரே ஆய்வை நடத்துவோர்க்கு அது இன்றியமையாதது. அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் அம்மா திட்டியதும், அப்பா குடித்துவிட்டு வந்ததும், பாட்டி இறந்ததும் அப்பிள்ளையின் மனத்தில் தமிழில் பதிந்தவை. அவற்றை வேறொரு மொழியின் நான்கு கட்டங்களுள் ஒன்றில் குறியிடும்போது எவ்வளவு வந்து சேர்கிறது, எவ்வளவு வழியிலேயே நின்றுவிடுகிறது என்பதே மொழியறிஞர் கேட்க வேண்டிய கேள்வி.

2. ஒரே சொல் சுமக்கும் இரு பொருள்

தமிழிலேயே வினாத்தாள் அமைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? தீராது. முதல் தடை கலைச்சொல்லில் இருக்கிறது.

'டாஸ் 21' மூன்று நிலைகளைத் தனித்தனியே அளக்கிறது. ஒன்று, எதிலும் நாட்டமின்றி உள்ளம் துவண்டு கிடக்கும் நிலை. இரண்டு, வரப்போவதை எண்ணி அஞ்சி நெஞ்சு படபடக்கும் நிலை. மூன்று, சுமை கூடியதால் எளிதில் சினமும் எரிச்சலும் எழும் நிலை. 2017ஆம் ஆண்டு ஆய்வில் இவற்றின் அளவுகள் முறையே 18.3, 39.7, 9.6 விழுக்காடு. மூன்றும் வெவ்வேறு என்பதற்கு இவ்வெண்களே போதிய சான்று. ஆனால் நம் நாளிதழ்களும் வானொலியும் மேடைப் பேச்சும் முதலாவதையும் மூன்றாவதையும் 'மன அழுத்தம்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கின்றன. 'மன உளைச்சல்' என்பது மூன்றுக்கும் பொதுவாக வழங்குகிறது.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. "எஸ்.பி.எம். தேர்வு நெருங்குகிறது, பிள்ளைக்கு மன அழுத்தம்" என்று ஒரு தாய் சொல்கிறார். தேர்வு முடிந்தால் அது நீங்கிவிடும் என்று எண்ணுகிறார். அச்சொல்லின் ஒரு பொருளில் அவ்வெண்ணம் சரியே. மற்றொரு பொருளில் அப்பிள்ளைக்கு உடனடியாக மருத்துவ உதவி வேண்டும். சொல் இரண்டையும் பிரித்துக் காட்டாதபோது, தாய் எளிய பொருளையே ஏற்றுக்கொள்கிறார். யாரும் அவ்வாறே செய்வர்.

முதல் நிலைக்கு 'மனச்சோர்வு', இரண்டாவதற்கு 'மனப்பதற்றம்', மூன்றாவதற்கு 'மன அழுத்தம்' என வரையறுத்துக்கொள்வது தகும். இச்சொற்கள் புதியன அல்ல. ஏற்கெனவே வழக்கில் உள்ளவை. வேண்டுவது புதுச்சொல்லாக்கம் அன்று, ஒழுங்கான ஆட்சியே. இவ்வகையில் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர்கள் நமக்கு முன்னோடிகள். போரின் துயரை எதிர்கொண்ட அவர்கள், ஆற்றுப்படுத்தலுக்கு 'உளவளத்துணை' என்றும், பேரிடரால் மனத்தில் தங்கும் காயத்திற்கு 'மனவடு' என்றும் சொற்களை ஆண்டு, அவற்றை ஆசிரியரும் சமூகப் பணியாளரும் அறியச் செய்தனர்.

3. நாம் செய்த ஒரு பிழை

இரண்டாம் தடை மொழிபெயர்ப்பு முறையைச் சார்ந்தது. வினாப்பட்டியலை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுவரும்போது, பெயர்த்ததை வேறொருவரைக் கொண்டு மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்து ஒப்பிடுவது வழக்கம். 1970இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் எழுதிய கட்டுரைக்குப் பின் இம்முறை உலகெங்கும் பரவியது. பயனுள்ள முறைதான். ஆயினும் ஒரு குறை உண்டு: சொல்லுக்குச் சொல் பெயர்த்த பிழையான தொடர், திரும்பப் பெயர்க்கும்போது மூலத்தோடு அழகாகப் பொருந்திவிடும். ஆங்கிலத்தில் உள்ளத் துவளலைக் 'கீழே' என்னும் பொருள்படும் சொல்லால் குறிப்பர். அதைத் 'தாழ்வாக உணர்கிறீர்களா' எனத் தமிழாக்கினால், திரும்பப் பெயர்ப்பவர் மூலச்சொல்லையே எட்டிவிடுவார். ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு அது தாழ்வு மனப்பான்மை பற்றிய கேள்வியாகவே தோன்றும். அவ்வாறே, வாழ்வில் தோற்றுவிட்டதாகக் கருதும் உணர்வைப் பற்றிய கேள்வியில் 'தோல்வி' என்னும் சொல் வந்தால், நம் மாணவர்க்கு முதலில் நினைவில் எழுவது தேர்வு முடிவே.

இக்குறையை நாம் அறிந்திருந்தும் வேறொரு பிழையில் விழுந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வினாப்பட்டியலின் தமிழ் வடிவத்தைச் சீர்செய்து தருமாறு நம்மிடம் கேட்டனர். மொழிபெயர்த்தவர் பேச்சு வழக்கை ஒட்டி எழுதியிருந்தார். 'டென்ஷன்' என்னும் சொல்கூட அதில் இருந்தது. நாம் அவற்றையெல்லாம் களைந்து, நல்ல எழுத்துத் தமிழில், பிழையற்ற புணர்ச்சியோடு மாற்றி எழுதிக் கொடுத்தோம், மனநிறைவும் கொண்டோம். அச்சுக்குப் போகுமுன் இரண்டாம் படிவ மாணவி ஒருத்தியிடம் அதைப் படிக்கக் கொடுத்தோம். அவள் எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் தாளையே பார்த்தாள். பிறகு, "ஐயா, இதுல எது சரியான விடை?" என்று கேட்டாள்.

அக்கேள்வி நம் மொழியியல் அறிவுக்கு நேரே வைக்கப்பட்டது. எழுத்துக்கு ஒரு வடிவம், பேச்சுக்கு ஒரு வடிவம் என ஒரே மொழி இரட்டை வழக்காய் நிற்பதை 1959இல் சார்ல்ஸ் பெர்குசன் விளக்கினார். அதற்குப் பின் இரட்டை வழக்கு மொழிகளுள் தமிழைச் சான்று காட்டாத மொழியியல் வகுப்பு அரிது. நாமும் பல்லாண்டு அதைக் கற்பித்தவர்களே. எழுத்துத் தமிழ் அம்மாணவிக்குத் தமிழ்ப்பள்ளியின் மொழி. கருத்துணர் பகுதியின் மொழி. மதிப்பெண் பெறும் மொழி. அம்மொழியில் கேட்டால் பிள்ளை தன் துயரைச் சொல்லாது. ஆசிரியர் எதிர்பார்க்கும் விடையைத் தேடும். 'உங்களுக்கு எதிர்காலத்தைப் பற்றிய நம்பிக்கை உண்டா' என்று செந்தமிழில் கேட்டால், 'உண்டு' என்பதே நல்ல மாணவரின் விடை. களைந்தெறிந்த சொற்களை நாம் மீண்டும் சேர்த்தோம்.

இதனால் எழுத்துத் தமிழ் தாழ்ந்தது என்பது பொருளன்று. அறிக்கைக்கும் மருத்துவ ஆவணத்திற்கும் வரையறுத்த எழுத்துத் தமிழ் வேண்டும். பிள்ளையிடம் கேட்கும் கேள்விக்கு அது நாள்தோறும் பேசும் தமிழ் வேண்டும். ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் இருத்தல் வேண்டும்.

4. உடலின் வழிப் பேசும் துயர்

மூன்றாம் தடை, துயரைச் சொல்லும் வாயில் பற்றியது. நம் பிள்ளைகளுள் பலர் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்வதில்லை. "தலை பாரமா இருக்கு", "வயிறு என்னமோ பண்ணுது", "நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு" என்கின்றனர். பெற்றோர் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்கின்றனர். மாத்திரை வாங்கித் தருகின்றனர். அடுத்த வாரம் மீண்டும் வயிற்றுவலி வருகிறது. பள்ளிக்குச் செல்லாமல் இருக்க நடிக்கிறது என்று பிள்ளை திட்டு வாங்குகிறது. பிள்ளை நடிக்கவில்லை, தன்னிடம் உள்ள மொழியில் உண்மையைத்தான் சொல்கிறது.

இவ்வாறு உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியம் அதற்கென மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்திருக்கிறது. எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அழுகைக்கு அது நான்கு நிலைக்களன்களைக் காட்டுகிறது: பிறரால் இகழப்படுதல், உற்றாரையும் உடைமையையும் இழத்தல், முன்னைய நிலை கெட்டுத் தளர்தல், வறுமையுறுதல். அந்நூல் கூறுவது செய்யுளில் உணர்வு புலப்படும் முறை. நோய் பற்றியது அன்று. எனினும், இன்று ஒரு பிள்ளையின் துயரை ஆராய்பவர் பகடிவதை, பெற்றோர் பிரிவு, படிப்பில் வீழ்ச்சி, குடும்ப வறுமை எனக் கேட்பவற்றோடு அந்நான்கும் ஒத்துச் செல்வதைக் காணலாம்.

யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் 'பெருமூச்சு' என்பதை மனத்துயரின் அடையாளமாகவே குறித்துள்ளனர். ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வேயில் 'அளவுமீறி எண்ணுதல்' என்று பொருள்படும் உள்ளூர்ச் சொல்லால் மக்கள் தம் துயரைக் குறிப்பதைக் கண்ட விக்ரம் பட்டேலும் உடன் ஆய்ந்தோரும், அத்தகைய உள்ளூர் வழக்குகளையே அடிப்படையாகக் கொண்டு ஷோனா மொழியில் 14 கேள்விகள் கொண்ட பட்டியலை 1997இல் வெளியிட்டனர். அது பெயர்ப்பு அன்று. அம்மக்களின் பேச்சிலிருந்தே எடுத்தது. பின்னாளில் பாட்டிமார் மரநிழல் இருக்கையில் அமர்ந்து மக்களின் துயரைக் கேட்கும் புகழ்பெற்ற திட்டத்திலும் அப்பட்டியலே பயன்பட்டது. 'அளவுமீறி எண்ணுதல்' என்பது நம் வீடுகளிலும் "ரொம்ப யோசிக்காதே" என்னும் அறிவுரையாக வழங்குவதை இங்கு நினைவுகூரலாம். அதை அறிவுரையாகச் சொல்லி முடிப்பதற்கு மாறாக, "என்ன யோசிக்கிறே?" என்று கேள்வியாக்கினால், அதுவே ஆய்வின் தொடக்கம்.

5. சாவைப் பற்றிய பேச்சு

எல்லாவற்றிலும் இடர் மிக்கது இது. தமிழ்ப் பேச்சில் சாவுச் சொற்கள் மலிந்து கிடக்கின்றன. "வெயில்ல செத்துட்டேன்", "பேசியே சாகடிக்கிறான்" என்று இயல்பாகச் சொல்கிறோம். சலிப்புற்ற தாய், "பேசாம செத்துப் போயிடலாம் போல இருக்கு" என்று அடுப்படியில் நின்று சொல்வதும் உண்டு. அதே தொடரைப் பிள்ளை சொல்லும்போது, அதுவும் வழக்கமான மிகைப்பேச்சு என்றே கேட்போர் கொள்கின்றனர். சொற்கள் ஒன்றே, பொருள் வேறாக இருக்கலாம். எது மிகை, எது மெய் எனத் தொடரை மட்டும் ஆராய்ந்து எந்த மொழியறிஞராலும் சொல்ல இயலாது. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகிவிடுமோ என்று அஞ்சுவோர் உளர். 2005இல் மாடலின் கூல்டும் குழுவினரும் நியூயார்க் மாநில உயர்நிலைப்பள்ளி மாணவர் 2,300க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வில், தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டோர்க்குக் கேட்கப்படாதோரைவிட அவ்வெண்ணமோ துயரமோ மிகவில்லை என்பது தெரியவந்தது. ஏற்கெனவே துயருற்றிருந்தோர்க்குக் கேட்கப்பட்டதால் தீங்கு நேரவில்லை. ஆகவே, "செத்துப் போகணும்னு நெசமாவே தோணுதாப்பா?" என்று அமைதியாக, நேராகக் கேட்கலாம், கேட்க வேண்டும். 2007இல் தொடங்கிய மலேசியத் தேசியத் தற்கொலைப் பதிவகத்தின் தரவுகளில், இந்தியரிடையே தற்கொலை விகிதம் பிற பேரினத்தவரிடையே உள்ளதைவிடக் கூடுதலாக இருந்தது. நம் சமூகம் இக்கேள்வியைத் தவிர்க்கும் நிலையில் இல்லை.

'தற்கொலை' என்னும் சொல்லிலேயே 'கொலை' இருப்பது முயன்று தப்பியவரைக் குற்றவாளியாக நோக்கச் செய்கிறது. மலேசியாவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. சட்டம் மாறிவிட்டது, நம் பேச்சும் செய்தி எழுதும் முறையும் மாற வேண்டும். 'உயிர்மாய்ப்பு' என்னும் சொல்லை இலங்கைத் தமிழர் ஆள்கின்றனர், நாமும் ஆளலாம்.

6. இல்லத்தில் வழங்கும் சொற்கள்

பதினெட்டு வயது நிரம்பாதவர்க்குச் சிகிச்சை அளிக்கப் பெற்றோரின் இசைவு வேண்டும். பிள்ளை தன் துயரைச் சொல்லி, பள்ளி ஆலோசனை ஆசிரியர் அதைப் புரிந்துகொண்டு, மருத்துவமனைக்குப் பரிந்துரைத்த பின்னும், இறுதி முடிவு வீட்டில் தமிழில்தான் எடுக்கப்படுகிறது. அவ்விடத்தில் ஒரு சொல் வழியை அடைத்துவிடக்கூடும்.

பேராக் மாநிலத்தின் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் ஒரு மனநல மருத்துவமனை தொடங்கப்பட்டது. அது இன்று 'மகிழ்ச்சி' என்னும் பொருள்தரும் 'பஹாகியா' என்ற மலாய்ப் பெயரைத் தாங்கியுள்ளது. பெயர் மாறியும் வழக்கு மாறவில்லை. இந்நாட்டில் எல்லா இனத்தவரிடையேயும் அவ்வூரின் பெயரே வசைச்சொல்லாக வழங்குகிறது. "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று விளையாட்டாகக் கேட்டு வளர்ந்த பிள்ளை, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று தன் வாயால் எப்படிக் கேட்கும்?

இங்கு நம் மொழியின் இலக்கணமே ஒரு வழி காட்டுகிறது. தமிழில் உணர்வுகள் பெரும்பாலும் நான்காம் வேற்றுமையோடு வரும். 'எனக்குக் கோபம் வருகிறது', 'எனக்குப் பயமாக இருக்கிறது', 'எனக்குக் கவலையாக இருக்கிறது' என்கிறோம். காய்ச்சல் வருவதைப் போலவே கோபமும் பயமும் ஒருவர்க்கு வருகின்றன, போகவும் கூடும். 'அவன் மனநோயாளி' என்பது பிள்ளையை நோயோடு ஒன்றாக்குகிறது. 'அவனுக்கு மனச்சோர்வு வந்திருக்கிறது' என்பது பிள்ளையை வேறாகவும் நோயை வேறாகவும் வைக்கிறது. மருத்துவமனையில் பெற்றோர்க்கு விளக்கும் தமிழர்கள் இரண்டாம் அமைப்பையே ஆளுதல் நன்று. சிகிச்சைக்கு இசைவு கேட்கும்போது அவ்வேறுபாடு பயன்தரும்.

7. செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து நான்கு செயல்கள் பெறப்படும். முதலாவது, மனச்சோர்வு, மனப்பதற்றம், மன அழுத்தம் ஆகிய மூன்றையும் வேறுபடுத்தி ஆளும் ஒரு சிறு சொற்பட்டியலை மொழியமைப்புகளும் தமிழ் நாளிதழ்களும் வானொலியும் ஒப்புக்கொள்ளுதல். இரண்டாவது, தமிழில் வினாப்பட்டியல் அமைப்போர் அதைப் பேச்சுத் தமிழில் அமைத்து, அச்சிடுமுன் கிள்ளான் பள்ளத்தாக்கின் பிள்ளைகள் சிலரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டனர் என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டல். மூன்றாவது, விடையளிக்கும் பிள்ளை மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினால் திருத்தாதிருத்தல். துயரைச் சொல்லும் நேரம் மொழித்தூய்மை பேணும் நேரமன்று. நான்காவது, தமிழறிந்த ஆசிரியரும் செவிலியரும் தன்னார்வலரும் இக்கேள்விகளைக் கேட்கப் பயிற்சி பெறுதல். ராபர்ட் குட்மன் 1997இல் அமைத்த 25 கூற்றுகள் கொண்ட பட்டியலில், பிள்ளை விடையளிக்கும் வடிவத்தோடு பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய வடிவங்களும் உண்டு. பிள்ளையைச் சுற்றியுள்ள பெரியவர்களின் மொழியும் ஆய்வின் பகுதியே என்பதை அது உணர்த்துகிறது.

உதவி நாடுவோர் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கை முதலில் அணுகலாம். அங்கிருந்து மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவர். சுகாதார அமைச்சின் 'ஹீல்' உதவித் தொலைபேசி எண் 15555; 'தாலியான் காசே' எண் 15999; 1970 முதல் பணியாற்றும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. உயிருக்கு உடனடி இடர் இருப்பின் 999ஐ அழைத்தல் வேண்டும்.

இரண்டாம் படிவ மாணவியின் கேள்விக்கு நாம் அன்று சொன்ன விடையோடு இக்கட்டுரையை நிறைவு செய்யலாம். "இதுல சரி, தப்பு கிடையாதும்மா. உனக்கு எப்படி இருக்கோ, அதைச் சொல்லு" என்றோம். அவள் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினாள். அவள் பேசியதில் மூன்று மொழிகளும் கலந்திருந்தன. நாம் ஒரு சொல்லையும் திருத்தவில்லை.